கூலி மறுத்தால் நாடு அழியும்! இப்னு கல்தூன் போட்ட கணக்கு

ஏழை ஒருவனிடம் நாள் முழுவதும் வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காமல் அனுப்பினால் என்ன ஆகும்? அன்று அவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதோடு போய்விடுமா? போகாது, அது அரசனின் கஜானாவையும் காலி செய்யும் என்று 600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார் ஓர் அறிஞர். அவர்தான் இப்னு கல்தூன்.

வட ஆப்பிரிக்காவில் உள்ள டூனிஸ் நகரில் 1332-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி அவர் பிறந்தார். வாலிப வயதை எட்டும்போது ஊரில் பிளேக் நோய் புகுந்தது. தாயும் தந்தையும் அதற்குப் பலியானார்கள்.

மந்திரியும் கைதியும்

அரண்மனை வேலைக்குப் போனார். பெஸ் நகர சுல்தானிடம் செல்வாக்குப் பெற்றார். ஆனால் சதிகாரர் என்ற சந்தேகத்தில் 1357-ல் சிறையில் தள்ளப்பட்டார். சுல்தான் இறந்த பிறகுதான் விடுதலை!

1365-ல் பிஜாயா நாட்டில் மந்திரி ஆனார். மலைவாசிகளிடம் வரி வசூலிக்க அவரே நேரில் போனார். கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை, கண்ணால் கண்டார்.

5 மாதத்தில் ஒரு நூல்

அரசியல் கசந்தது. 1375-ல் அல்ஜீரியாவில் ஒரு மலைக்கோட்டையில் ஒதுங்கினார். 1377-ல், 5 மாதங்களில் 'முகத்திமா' என்ற நூலை எழுதி முடித்தார்.

உழைத்தவனுக்குத் தாமதமின்றிக் கூலி கொடுப்பது இஸ்லாம் விதித்த கடமை. மறுப்பது பாவம். கல்தூன் அதோடு நிற்கவில்லை. பாவத்தின் கணக்கையும் போட்டுக் காட்டினார்.

பொருளின் மதிப்பு மனித உழைப்பால் வருகிறது. ஏழைக்கு அந்த உழைப்பே சொத்து. கூலி இல்லாமல் கட்டாய வேலை வாங்குவது அந்தச் சொத்தைக் கொள்ளையடிப்பதாகும். பறிகொடுத்தவன் மனம் உடைந்து வேலையை விடுகிறான். நிலம் தரிசாகிறது. கடைவீதி வெறிச்சோடுகிறது. வரி குறைகிறது. கடைசியில் அரசே சாய்கிறது. பெருங்கொடுமைகளில் ஒன்று இது என்றார் அவர்.

399 ஆண்டுகள் கழித்து, 1776-ல், முதலாளித்துவப் பொருளாதாரத்தின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித்தும் மதிப்பை அளக்கும் கோல் உழைப்பே என்று எழுதினார். தாராளமாகக் கூலி கொடுத்தால் தொழிலாளி சுறுசுறுப்பாக உழைப்பான் என்றார். வழி வேறு, வந்து சேர்ந்த இடம் ஏறக்குறைய ஒன்று!

பின்னர் கல்தூன் கெய்ரோ சென்றார். 1384-ல் நீதிபதி ஆனார். அவரிடம் வந்துகொண்டிருந்த குடும்பம் கப்பலோடு கடலில் மூழ்கியது. அந்தத் துயரத்திலும் நூலைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1406-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி காலமானார்.

அவரை ஆட்டிவைத்த சுல்தான்களின் கோட்டைகள் சரிந்தன. அவர் போட்ட கணக்கு மட்டும் இன்னும் தப்பவில்லை.