பேஸ்பாலின் தந்தை ஹென்றி சாட்விக்

கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றியதும் அதுவே விளையாட்டுத் திடலாகிவிடும். ஒரு பக்கம் அண்ணன்மார் கிரிக்கெட் ஆடுவர். மறுபக்கம் சிறுவர் கிட்டிப்புள் அடிப்பர். கரையில் கருவேல மரத்தடியில் அமர்ந்து பார்க்கும் என் அப்பத்தாவுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் கம்பால் அடிக்கிறார்கள், எதிரி பிடித்துவிட்டால் ஆட்டம் போய்விடுகிறது, பிறகு என்ன வேறுபாடு என்பார். நான் அதைக் கேட்டுச் சிரித்ததுண்டு. ஹென்றி சாட்விக் என்பவரின் வாழ்க்கையைப் படித்த பிறகு, விளையாட்டுகளுக்கும் உறவுமுறை உண்டு என்பதை உணர்ந்தேன். அவரைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன்.

சாட்விக் 1824ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இங்கிலாந்தில் எக்சிட்டர் நகரில் பிறந்தார். நகரங்களின் சுகாதாரத்துக்காக அரும்பாடுபட்ட எட்வின் சாட்விக் இவருடைய மூத்த தாரத்து அண்ணன் ஆவார். சிறு வயதில் ஹென்றி ‘ரவுண்டர்ஸ்’ என்னும் விளையாட்டை விரும்பி ஆடினார். பந்தை மட்டையால் அடித்துவிட்டு, நட்டு வைத்த கம்புகளைச் சுற்றி ஓடிவரும் விளையாட்டு அது. 1837இல், பன்னிரண்டு வயதில், குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் குடியேறினார். இளமையில் இசை கற்பித்தார். பின்னர் செய்தித்தாள்களுக்குக் கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றி எழுதலானார்.

அமெரிக்காவில் கிரிக்கெட்டா என்று வியக்கிறீர்களா? உலகின் முதல் பன்னாட்டுக் கிரிக்கெட் ஆட்டமே 1844இல் நியூயார்க்கில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நடந்ததுதான்! அதே நகரில் பேஸ்பாலும் வளர்ந்து வந்தது. 1845இல் நிக்கர்பாக்கர் என்ற சங்கத்தார் அதற்கு விதிகளை எழுதினர். அதில் சாய்சதுரமாக நான்கு தளங்கள் உண்டு. பந்தை அடித்தவர் நான்கையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஓடுபவர் மீது பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்யும் பழைய வழக்கத்தை அச்சங்கம் நீக்கியது.

1856இல் ஒரு நாள், ஹோபோக்கன் என்னுமிடத்தில் கிரிக்கெட் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சாட்விக் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக் கண்டு நின்றார். அதன் விரைவு அவர் மனத்தைக் கவர்ந்தது. கிரிக்கெட் முடிய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். இதுவோ ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். உழைக்கும் அமெரிக்க மக்களுக்கு ஏற்ற ஆட்டம் இதுவே என்று அன்று அவர் முடிவு செய்தார்.

அன்று முதல் தம் எழுதுகோலைப் பேஸ்பாலுக்கே அர்ப்பணித்தார். ஆயினும் தாய்வீட்டுச் சீராகக் கிரிக்கெட்டிலிருந்து பலவற்றை அதற்குக் கொண்டுவந்தார். கிரிக்கெட் கணக்கேட்டைப் பார்த்து, ஒவ்வோர் ஆட்டக்காரரும் என்ன செய்தார் என்பதைக் காட்டும் ஆட்டக் கணக்குப் பட்டியலை உருவாக்கினார். ஆட்டத்தைக் காணாதவரும் அதைப் படித்து அறிந்துகொள்ளலாம். அக்காலப் பேஸ்பாலில் தரையில் ஒருமுறை பட்டெழுந்த பந்தைப் பிடித்தாலும் அடித்தவர் ஆட்டமிழப்பார். கிரிக்கெட்டைப் போல நேராகப் பிடித்தால்தான் செல்லும் என்று மாற்ற வேண்டுமென இவர் பல ஆண்டுகள் வாதாடினார். 1860களின் நடுவில் அவ்விதி வந்தது. 1860 முதல் ஆண்டுதோறும் பேஸ்பால் கையேடுகளை வெளியிட்டார். ஆட்டத்தைக் கெடுத்த சூதாட்டத்தையும் மதுவையும் கடுமையாகக் கண்டித்தார். இத்தொண்டுகளால் பேஸ்பாலின் தந்தை எனப் போற்றப்பட்டார்.

அவருக்குச் சோதனை முதுமையில் வந்தது. பேஸ்பால் ரவுண்டர்ஸிலிருந்து பிறந்தது என்று 1903இல் எழுதினார். அமெரிக்கரின் தேசிய விளையாட்டு ஆங்கிலச் சிறுவர் விளையாட்டின் பிள்ளையா என்று பலர் மனம் பொறுக்கவில்லை. முன்னாள் வீரரும் விளையாட்டுப் பொருள் வணிகருமான ஸ்பால்டிங் அதை மறுத்தார். அவர் சாட்விக்கின் நண்பர். அவர் வெளியிட்ட கையேட்டுக்கு ஆசிரியரே சாட்விக்தான். ஆனாலும் சாட்விக் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இதை ஆராய ஒரு குழு அமைந்தது. 1839இல் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் ஆப்னர் டபுள்டே என்ற அமெரிக்கர் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று 1907இன் இறுதியில் அது தீர்ப்பளித்தது. சில மாதங்களில், 1908 ஏப்ரல் 20ஆம் நாள், சாட்விக் தமது எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார். உலகின் முன் அவர் தோற்றவராகவே மறைந்தார்.

ஆனால் உண்மை உறங்கவில்லை. 1839இல் டபுள்டே கூப்பர்ஸ்டவுனில் இல்லை. வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். 1744இல் லண்டனில் வெளியான ஒரு சிறுவர் நூலிலேயே பேஸ்பால் என்ற பெயர் காணப்படுகிறது. நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. 1817இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் ஆபி’ நாவலின் நாயகி, பதினான்கு வயதில் புத்தகத்தைவிடக் கிரிக்கெட்டையும் பேஸ்பாலையும் விரும்பியவள்! ரவுண்டர்ஸும் பேஸ்பாலும் தாயும் மகளும் அல்ல, உடன்பிறந்தவை என்று இன்றைய ஆய்வாளர் கருதுகின்றனர். அந்த அளவில் சாட்விக்கின் கூற்றிலும் திருத்தம் உண்டு. எனினும் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது என்று அவர் சொன்னது சரியே. 1938இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மண்டபம் அமைந்திருப்பது அதே கூப்பர்ஸ்டவுனில்தான்!

தோழியரே! தாம் வளர்த்த விளையாட்டை உயிராய் நேசித்தும், அதன் பெருமைக்காகக்கூடப் பொய்யை ஏற்க மறுத்தார் சாட்விக். நம் ஊரையும் நாட்டையும் நேசிக்கும் நாமும் இதை நினைவில் கொள்வோம். அடுத்த கோடையில் கண்மாய்க்குப் போகும்போது கரையில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிற்காமல், நானும் ஒரு மட்டையைக் கேட்டு வாங்கப்போகிறேன். நாவலின் நாயகியைவிட எனக்கு ஒரு வயதுதானே அதிகம்!

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு