8 வயதில் அப்பாவையே தாண்டிய சிறுவன்: ராபர்ட் வாட்லோ உடலில் நடந்தது என்ன?

1918 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் ஆல்டன் நகரில் ராபர்ட் வாட்லோ பிறந்தபோது, மற்ற குழந்தைகளைப் போல சாதாரண எடைதான். ஆனா 5 வயசுலேயே உயரம் 5 அடி 4 அங்குலம்! 8 வயசுல அப்பாவையே தாண்டிட்டான்.

காரணம் என்ன?

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் வளர்ச்சி ஹார்மோனை சுரக்கிறது. ராபர்ட்டுக்கு அது அளவுக்கு மீறி சுரந்தது. சிறு வயதில் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடியிருக்காது. அதனால் கூடுதல் ஹார்மோன் அப்படியே உயரத்தைக் கூட்டியது. வழக்கமாக பருவ வயது முடியும்போது வளர்ச்சி நின்றுவிடும். ராபர்ட்டுக்கு கடைசி வரை நிற்கவே இல்லை.

உயிரைப் பறித்த கொப்புளம்

1940 ஜூனில் அவர் உயரம் 8 அடி 11.1 அங்குலம். இன்றுவரை முறியடிக்கப்படாத உலக சாதனை. ஆனால் கால்களில் உணர்வு குறைந்து, நடக்கவே உலோகத் தாங்கி தேவைப்பட்டது. அந்தத் தாங்கி உரசி கணுக்காலில் வந்த கொப்புளத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டது. அதை அவரால் உணரக்கூட முடியவில்லை. ஜூலை 15ஆம் தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 22தான்.

இப்போது சிகிச்சை உண்டா?

உண்டு. ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ ஸ்கேன் மூலம் கண்டுபிடித்து, அறுவை சிகிச்சை, மருந்துகளால் கட்டுப்படுத்தலாம். இது மிக அரிதான பாதிப்புதான். இருந்தாலும், உங்க பையன் சக வயசுப் பசங்களைவிட ரொம்ப வேகமா வளர்ந்தா, பெருமைப்படுறதோட நிறுத்திடாம குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிடுங்க.