சுனில் ஜானா: உழைப்பவர் முகங்களைப் பதிவு செய்த நிழற்படக் கலைஞர்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கெனப் பழைய நிழற்படங்களைத் தேடியபோது நமக்கு ஒன்று விளங்கிற்று. அடிக்கல் நாட்டு விழாவின் படங்கள் கிடைத்தன. மாலையணிந்த தலைவர்கள், நாற்காலியில் அமர்ந்த விருந்தினர் ஆகியோரின் படங்களும் கிடைத்தன. ஆனால் மாணவர் விடுதி எழும்போது மண்ணும் கல்லும் சுமந்த நம் தாய்மார்களின் படம் ஒன்றேனும் கிடைக்கவில்லை. நெய்வேலியின் வரலாறும் நமக்குப் பெரும்பாலும் இவ்வாறே காட்சியளிக்கிறது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததை நாம் அனைவரும் அறிவோம். அப்பணிக்காகக் குடிசையைப் பிரித்துக்கொண்டு எழுந்து சென்ற கூலிக் குடும்பங்களின் முகத்தை அறிவோமா? இக்குறை மனத்தை உறுத்திய வேளையில், வேறொரு மாநிலத்தில் இப்பணியையே வாழ்நாள் தொண்டாகக் கொண்ட ஒருவரின் வரலாறு நினைவுக்கு வந்தது. அவரே சுனில் ஜானா.

இவர் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் அசாம் மாநிலத்தின் திப்ருகர் நகரில் பிறந்தார். கல்கத்தாவில் வளர்ந்து அங்கேயே பிரசிடென்சி கல்லூரியில் பயின்றார். நிழற்படம் எடுப்பது மாணவப் பருவத்தில் அவருக்குப் பொழுதுபோக்காகவே இருந்தது. அதனை வாழ்க்கைப் பணியாக்கியது 1943ஆம் ஆண்டு வங்காளத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சம்.

அப்பஞ்சத்தைப் பற்றி இளைஞர்கள் சற்று விரிவாக அறிந்துகொள்ள வேண்டும். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பகைவர் கையில் சிக்கிவிடும் என்றஞ்சி ஆங்கில அரசு கடலோர மாவட்டங்களின் படகுகளைப் பறிமுதல் செய்தும் அழித்தும் விட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மிதுனாப்பூர்ப் பகுதியைப் புயல் தாக்கியது. போர்க்காலச் செலவினால் கல்கத்தாவில் பணம் புரண்டது. அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. நாட்கூலி மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மடிந்தனர் என்பது பெரும்பாலோர் கொள்ளும் கணக்கு. மடிந்தவர் யார்? நிலமற்ற கூலியாட்கள், படகைப் பறிகொடுத்த மீனவர், ஊர்ப்புறக் கைவினைஞர் ஆகியோரே பெருந்தொகையினர். நாட்டில் அரிசி அறவே இல்லாமையைவிட, இருந்த அரிசியை வாங்க ஏழையின் கையில் காசில்லாமையே பெருங்கேடு விளைத்தது என்பதைப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். கூலியையே நம்பி வாழ்ந்த குடும்பங்களில் பிறந்த நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்நாளில் பொதுவுடைமைக் கட்சியின் பொதுச் செயலாளராக விளங்கிய பி. சி. ஜோஷி, படிப்பிலிருந்த ஜானாவையும் ஓவியர் சித்தபிரசாதையும் பஞ்சம் பீடித்த ஊர்களுக்கு அழைத்துச் சென்றார். தெருவோரத்தில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த பிள்ளைகளையும், கஞ்சித் தொட்டியின் முன் நின்ற பெண்டிரையும், புதைப்பாரற்ற பிணங்களையும் ஜானா படமெடுத்தார். அப்படங்கள் கட்சியின் இதழில் வெளிவந்து, பஞ்சத்தின் கொடுமையைப் பிற மாநிலத்தாரும் கண்ணால் காணச் செய்தன.

பசியால் சாகின்றவனுக்குச் சோறளிக்காமல் படமெடுப்பது முறையோ என்னும் கேள்வி இங்கே எழும். அது ஜானாவையும் வருத்திய கேள்வியே. துயருற்றோர் முன் காமிராவைத் தூக்கி நிற்பது தமக்கு எளிதாக இருக்கவில்லை என அவர் பின்னாளில் பதிவு செய்துள்ளார். ஆயினும் ஒருவர் தம் கையால் ஊட்டக்கூடிய வாய்கள் சிலவே; படமோ ஊரையே அழைத்து வரும். அவர் செய்தது சரியென்றே நாம் கருதுகிறோம்.

பின்னர் ஆந்திரம், மலபார் முதலிய பகுதிகளின் உணவுப் பஞ்சத்தையும் அவர் படமெடுத்தார். அமெரிக்காவின் லைஃப் இதழைச் சேர்ந்த மார்கரெட் போர்க்-வைட் அம்மையாருடன் இணைந்தும் பயணம் செய்தார். காந்தியடிகள், நேரு, ஜின்னா போன்ற தலைவர்களையும், நாட்டுப் பிரிவினையின்போது அகதிகளான மக்களையும் எடுத்த படங்கள் புகழ் பெற்றவை. 1948இல் கட்சித் தலைமை மாறி ஜோஷி ஒதுக்கப்பட்டபின் ஜானாவும் விலகினார். கல்கத்தாவில் படக்கூடம் அமைத்துத் தொழில் நடத்தினார். 1949இல் வெளிவந்த அவரது முதல் நூலுக்கு அட்டை வடிவமைத்தவர், பின்னாளில் திரைப்பட மேதையாகப் போற்றப்பட்ட சத்யஜித் ராய்.

சுரங்க நகரத்தாராகிய நம் நெஞ்சுக்கு நெருக்கமானவை அவர் எடுத்த நிலக்கரித் தொழிலாளர் படங்களே. இன்று ஜார்க்கண்டைச் சேர்ந்துள்ள, அன்றைய பீகார் நிலக்கரி வயல்களில் ஆண்களோடு பெண்களும் வேலை செய்தனர். பெண்களை நிலத்தடியில் வேலைக்கு அமர்த்தலாகாது என்னும் தடையை, போர்க்காலத்தில் நிலக்கரித் தேவையைக் காரணம் காட்டி 1943இல் அரசே நீக்கிற்று. 1946இல்தான் அத்தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஜானா காமிராவைத் தாழ்வாகப் பிடித்து, உழைப்பாளர் வானத்தை முட்டி நிற்பதுபோல் காட்டும் வழக்கமுடையவர். கோயில் சிற்பத்திற்கும் அரசனின் சிலைக்கும் தரப்படும் உயரத்தை அவர் கூடை சுமக்கும் தொழிலாளிக்குத் தந்தார். நம் நெய்வேலியில் மண்ணை அள்ளும் இராட்சதச் சக்கர எந்திரத்தை வருவோரெல்லாம் வியந்து படமெடுக்கிறார்கள்; எந்திரத்தின் அடியில் நிற்பவரை எடுப்போர் அரியர்.

குறையே இல்லாதவர் என்று யாரையும் நாம் புகழ வேண்டுவதில்லை. பழங்குடி மக்களிடையே பல ஆண்டுகள் சென்று வந்து அவர் எடுத்த படங்கள் 1993இல் பெருநூலாக வெளிவந்தன. அவற்றில் அம்மக்களின் அழகும் ஆடலும் நிறைந்திருக்கும் அளவுக்கு, அவர்களைப் பிணித்த கடனும் காட்டிலாகாவின் கெடுபிடியும் காணப்படவில்லை என்பது நம் எண்ணம். இன்னொன்றும் உண்டு. அவர் எடுத்த தலைவர்களுக்கெல்லாம் படத்தின்கீழ் பெயர் இருக்கிறது. தொழிலாளரில் மிகப் பலருக்குத் தொழிலின் பெயரும் மாநிலத்தின் பெயருமே உள்ளன. அக்காலப் படக்கலைஞர் பலரிடமும் காணப்பட்ட வழக்கம் இது. ஆயினும் படத்திலுள்ள அம்மாளின் பேரப்பிள்ளை இன்று அதனைக் கண்டால், இவர் நம் பாட்டி என்று எவ்வாறு அறிவான்?

ஜானா பிற்காலத்தில் இலண்டனிலும் பின்பு அமெரிக்காவிலும் வாழ்ந்தார். 2012ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவித்தது. அவ்வாண்டே ஜூன் 21ஆம் நாள் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 94ஆம் அகவையில் காலமானார். அவர் வாழ்நாள் படங்களின் பெருந்தொகுப்பு மறு ஆண்டு நூலாக வந்தது.

நம் விடுதிக்கு மண் சுமந்தோரின் முகங்களை இனி எந்தக் காமிராவாலும் மீட்க இயலாது. அவர்களுடன் வேலை செய்த முதிய தாய்மார் இருவர் இன்றும் நம்மிடையே உள்ளனர். மலர்க் குழு இளைஞர்கள் அவர்களிடம் மூன்று மாலைகள் அமர்ந்து கேட்டதில் 17 பெயர்கள் கிடைத்தன. அப்பெயர்களை ஊரும் தெருவும் சேர்த்து இம்மலரின் இறுதிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். விடுபட்ட பெயர் தெரிந்தோர் சங்க அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.