கிளிவெட்டி தந்த மக்கள் பிரதிநிதி அ. தங்கத்துரை

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் இருக்கிறது மூதூர். அங்கிருந்து உள்நோக்கிச் சென்றால், வயல்களின் நடுவே கிளிவெட்டி என்னும் கிராமத்தைக் காணலாம். உழுது உண்போரின் ஊர் அது. அந்த ஊர் இலங்கைப் பாராளுமன்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை அனுப்பி வைத்தது. அவர்தான் அருணாசலம் தங்கத்துரை.

இப்பெயரைக் கேட்டவுடன் சிலர் வேறொருவரை நினைத்துக்கொள்வதுண்டு. 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட இயக்கத் தலைவர் தங்கத்துரை வேறு. கிளிவெட்டித் தங்கத்துரை வேறு. முன்னவர் ஆயுதத்தை நம்பிய பாதையில் சென்றவர். நம்மவரோ இறுதிவரை வாக்குச் சீட்டையே நம்பியவர். அந்த நம்பிக்கை சரியானதா என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்த வாதம்.

1970 மே மாதப் பொதுத் தேர்தலில், முப்பதுகளில் இருந்த அவர் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் சார்பில் மூதூரில் நின்றார். அந்நாளில் மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். முதலிரு இடங்களைப் பெறுவோர் இருவரும் உறுப்பினராவர். பல இனத்தவர் கலந்து வாழும் இடத்தில் சிறு தொகையினரும் தமக்கென ஒருவரைப் பெறவேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம். அத்தேர்தலில் சுதந்திரக் கட்சியின் ஏ. எல். அப்துல் மஜீத்தும் தமிழரசுக் கட்சியின் தங்கத்துரையும் தெரிவாயினர். முஸ்லிம் ஒருவரும் தமிழர் ஒருவருமாக ஒரே தொகுதிக்காகப் பேசினார்கள்.

தமிழரசுக் கட்சிக்கு அம்முறை கிடைத்தவை 13 ஆசனங்கள். ஆட்சியில் அமர்ந்த ஐக்கிய முன்னணிக்கோ மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட பெரும்பான்மை இருந்தது. புதிய அரசியலமைப்பை எழுத அரசியல் நிர்ணய சபை கூடியபோது, தமிழரசுக் கட்சி அதில் சேர்ந்து சமஷ்டி ஆட்சியையும் தமிழ்மொழிக்கு உரிய இடத்தையும் கேட்டது. இரண்டும் மறுக்கப்பட்டதால் 1971இல் வெளியேறியது. 1972 மே மாதத்தில், தமிழரின் கோரிக்கைகளை ஏற்காமலே புதிய அரசியலமைப்பு நிறைவேறியது. பாராளுமன்றத்தில் பேசி என்ன கண்டோம் என்று இளைஞர்கள் கேட்கத் தொடங்கிய காலம் அது. அந்தக் கேள்வியை எதிர்கொண்ட முதல் தலைமுறை உறுப்பினர்களில் தங்கத்துரையும் ஒருவர்.

திருகோணமலை மாவட்டத்தில் இக்கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. அது நிலம். கந்தளாய், அல்லை ஆகிய நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டங்கள் மாவட்டத்தின் முகத்தையே மாற்றின. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் சிங்கள மக்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர்; 1981இல் மூன்றில் ஒரு பங்கினர். குடியேறி வந்தவரும் நிலமற்ற ஏழைகளே என்பதை மறக்கலாகாது. ஆனால் யார் எங்கே குடியேறுவது என்பதை அங்கு வாழ்ந்தோரைக் கேளாமலே கொழும்பு தீர்மானித்ததுதான் மனக்கசப்பின் வேர்.

மக்கள் தொகை மாறவே தொகுதியும் மாறியது. 1976இல் எல்லைகள் புதிதாக வகுக்கப்பட்டு, பழைய மூதூரிலிருந்து சேருவில என்ற புதுத் தொகுதி பிரிக்கப்பட்டது. இரட்டை அங்கத்தவர் முறையும் மூதூரில் முடிவுற்றது. அதே ஆண்டு மே மாதம் தமிழர் விடுதலைக் கூட்டணி வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1977 தேர்தலில் கூட்டணி 18 ஆசனங்களை வென்று எதிர்க்கட்சியானது. ஆனால் மூதூரும் சேருவிலவும் ஐக்கிய தேசியக் கட்சிக்கே சென்றன. மூதூரில் வென்றவர் எம். ஈ. எச். மஹ்ரூப். கிளிவெட்டி மைந்தர் மீண்டும் சபைக்குள் நுழைய 17 ஆண்டுகள் ஆயின.

அந்த 17 ஆண்டுகளில் நாடு எரிந்தது. 1983 கலவரம், அதையடுத்து நாட்டுப் பிரிவினையை ஆதரியேன் என்று சத்தியம் செய்யக் கட்டளையிட்ட ஆறாவது திருத்தம், கூட்டணி உறுப்பினர்களின் ஆசன இழப்பு, 1987 இலங்கை இந்திய ஒப்பந்தம், 1989இல் அமிர்தலிங்கம், யோகேஸ்வரன் ஆகியோரின் கொலை எனத் துயரம் தொடர்ந்தது. மிதவாதி என்ற சொல்லே வசைச் சொல்லாயிற்று. அரசாங்கத்தின் பார்வையில் கூட்டணியினர் பிரிவினைவாதிகள். ஆயுதம் ஏந்தியவரின் பார்வையில் அவர்கள் துரோகிகள்.

இத்தகைய வேளையில், 1994 ஆகஸ்ட் மாதத் தேர்தலில் தங்கத்துரை திருகோணமலை மாவட்டத்தில் கூட்டணியின் ஒரே உறுப்பினராகத் தெரிவானார். சபையில் அமர வேண்டுமாயின் ஆறாவது திருத்தம் கேட்ட சத்தியத்தைச் செய்தே ஆகவேண்டும். தனிநாடு கேட்ட கட்சியின் உறுப்பினர் இந்தச் சத்தியத்தைச் செய்வது முறையா என்பது எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய கேள்வியன்று. மக்களை ஏமாற்றும் செயல் என்றனர் சிலர். வேறு வழியேது என்றனர் சிலர். கூட்டணியினர் அதைச் செய்துவிட்டே சபைக்குள் சென்றனர்.

அதற்கான காரணத்தை அவருடைய ஊரின் நிலையைப் பார்த்தால் ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். 1995 ஏப்ரலில் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்கள் தகர்க்கப்பட, சமாதானப் பேச்சு முறிந்து மீண்டும் போர் மூண்டது. 1996 பெப்ரவரி 11ஆம் நாள், கிளிவெட்டிக்கு அண்மையிலுள்ள குமாரபுரத்தில் இராணுவத்தினர் புகுந்து 24 பொதுமக்களைக் கொன்றனர். பெண்களும் சிறு பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். சொந்த அயலில் நேர்ந்த கொடுமை இது. அப்படிப்பட்ட நாளில், கைது செய்யப்பட்ட மகனைத் தேடும் தாயும், ஊரிழந்த குடும்பமும் யாரிடம் போவார்கள்? கொழும்பில் ஒரு கதவைத் தட்டக்கூடிய ஒருவராவது அவர்களுக்கு வேண்டும். அந்த ஒருவராக இருப்பதே அவர் ஏற்ற பொறுப்பு. குமாரபுர வழக்கு முடிய இருபது ஆண்டுகள் சென்றன. 2016இல் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு முன்னாள் படையினரும் விடுதலையாயினர். ஆகவே அவர் தட்டிய கதவு இலகுவில் திறக்கும் கதவல்ல என்பதும் உண்மையே.

1997 யூலை 5ஆம் நாள் சனிக்கிழமை. திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் நடந்த வைபவம் ஒன்றுக்குத் தங்கத்துரை அழைக்கப்பட்டிருந்தார். அங்கு வைத்தே அவர் கொல்லப்பட்டார். கல்லூரியின் அதிபர் அம்மையாரும் வேறு சிலரும் அவருடன் உயிரிழந்தனர். பெண்பிள்ளைகள் படிக்கும் இடமென்று கொலையாளிகள் தயங்கவில்லை. விடுதலைப் புலிகளே இதனைச் செய்தனர் என்று பரவலாகக் கருதப்பட்டது. அவரது வெற்றிடத்துக்கு இரா. சம்பந்தன் வந்தார், பிற்காலத்தில் எதிர்க்கட்சித் தலைவராகவும் விளங்கி, 2024இல் காலமானார்.

ஒன்றைச் சேர்த்து எண்ணிப் பார்ப்போம். 1970இலும் 1977இலும் மூதூர் மக்கள் தேர்ந்தெடுத்தவர் மூவர்: மஜீத், தங்கத்துரை, மஹ்ரூப். மஜீத் 1987 நவம்பரில் கொல்லப்பட்டார். தங்கத்துரை இறந்த இரு வாரங்களில், 1997 யூலை 20ஆம் நாள், மஹ்ரூபும் கொல்லப்பட்டார். மூன்று கட்சியினர், இரு சமூகத்தினர். தேர்தல் மேடையில் எதிரெதிரே நின்றவர்கள் சாவில் ஒன்றாயினர். ஒருவரை வாக்கினால் தோற்கடித்தால் அடுத்த தேர்தலில் அவர் மீண்டும் வந்து வாதாடலாம். துப்பாக்கி அந்த வாதத்தையே முடித்துவிடுகிறது. கூடவே அவருக்கு வாக்களித்த ஆயிரக்கணக்கானோரின் வாயையும் அடைக்கிறது.

தங்கத்துரை சென்ற வழி பெரிய வெற்றிகளைத் தந்தது என்று சொல்ல முடியாது. கேட்ட சமஷ்டி கிடைக்கவில்லை; கேட்ட நீதியும் கிடைக்கவில்லை. ஆனால் தம் கொள்கைக்காக அவர் தம் உயிரையே கொடுத்தார்; பிறர் உயிரைக் கேட்கவில்லை. அரசியல் பேசும் நம் இல்லங்களில், வளரும் பிள்ளைகளுக்குக் கிளிவெட்டி மனிதரின் கதையைச் சொல்லும்போது, இந்த ஒரு வேறுபாட்டை அவர்கள் மனத்தில் பதியவைத்தால் அதுவே போதும்.