ஃபேனி ஹெஸ்ஸே அம்மையார்

ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த உண்மைகள் அடுக்களைக்குப் பயன்படுதல் இயல்பு. அடுக்களையில் பிறந்த அறிவொன்று ஆராய்ச்சிக் கூடத்தை வாழ்வித்த வரலாறும் உண்டு. அவ்வறிவை வழங்கியவர் ஃபேனி ஹெஸ்ஸே அம்மையார்.

இவர் 1850-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பிறந்தார். சாவகத் தீவில் வாழ்ந்து அங்குக் குடியேறிய ஆலந்து நாட்டார் ஒருவர், இவருக்குச் சமையல் முறையொன்றைக் கற்பித்தார். கடற்பாசியினின்று எடுக்கும் அகர்-அகர் என்னும் பொருளை இட்டுப் பழச்சாற்றைக் கட்டியாக உறையச் செய்வதே அம்முறை.

1874-ஆம் ஆண்டில் அம்மையார் செர்மானிய மருத்துவர் வால்தர் ஹெஸ்ஸேயை மணந்தார். கணவரின் ஆராய்ச்சிக்குத் துணைநின்று, கட்டுரைகளுக்குரிய படங்களையும் வரைந்தளித்தார். வால்தர் 1881-ஆம் ஆண்டில் பெர்லின் சென்று, பேரறிஞர் இராபர்ட் கோக்கின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றினார்.

அக்காலத்தில் ஆராய்ச்சியாளர்க்கு ஓர் இடர் இருந்தது. நீர்மத்தில் வளரும் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கெட்டியான பரப்பில் வளர்த்தால்தான் அவற்றை இனம் இனமாகப் பிரித்தறியலாம். அதற்காக அவர்கள் ஜெலட்டினைப் பயன்படுத்தினர். அதுவோ உடலின் வெப்பமாகிய 37 பாகை செல்சியசில் உருகிற்று. நுண்ணுயிர்கள் சிலவும் அதனைக் கரைத்தன. பல நாள் உழைப்பு வீணாயிற்று.

மனம் சோர்ந்த வால்தர், தம் இல்லத்துப் பழக்கட்டிகள் மட்டும் கோடையிலும் உருகாதது ஏன் என்று மனைவியை வினவினார். அம்மையார் அகர்-அகரின் இயல்பை எடுத்துரைத்தார். அது ஏறத்தாழ 85 பாகையில்தான் உருகும். 40 பாகைக்குக் கீழே உறையும். பெரும்பாலான நுண்ணுயிர்களால் கரைக்கப்படாது. வால்தர் இதனைக் கோக்கிற்கு அறிவித்தார்.

1882-ஆம் ஆண்டில் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் கோக் அகர்-அகரைக் குறிப்பிட்டார்; ஆனால் ஹெஸ்ஸே தம்பதியரின் பெயரை அதில் குறிப்பிடவில்லை. அவ்விருவரும் இதனால் பொருளும் பெற்றிலர். அம்மையார் அதுபற்றிக் குறைகூறித் திரியாமல், 1911-ஆம் ஆண்டில் கணவரை இழந்த பின்னரும் அமைதியாக வாழ்ந்து, 1934-ஆம் ஆண்டில் திரெசுடன் நகரில் மறைந்தார்.

1928-ஆம் ஆண்டில் பிளெமிங் பெனிசிலினின் ஆற்றலைக் கண்டதும் அகர் இட்ட தட்டிலேதான். நோயாளியின் குருதியிலுள்ள கிருமி யாது, எம்மருந்துக்கு அது அடங்கும் என்பவற்றை இன்றும் மருத்துவமனைகளில் அகர்த் தட்டு காட்டித் தருகிறது. பெயர் மறைக்கப்படினும் பயன் மறைவதில்லை. எனினும், பயன் துய்ப்போர் அதனைத் தந்தவரின் பெயரை அறிந்து போற்றுதலே நன்றியாகும்.