செவ்வாய்க்கிழமை வாத்தியார்!

ஸ்கூல்ல உங்க இங்கிலீஷ் பீரியட் போரடிச்சிருக்கா? பிரான்ஸில் அந்த பீரியடை வாத்தியாரே வெறுத்தார். பெயர், ஸ்டெஃபான் மல்லார்மே. 1842-ல் பாரிஸில் பிறந்த கவிஞர்.

எட்கர் ஆலன் போவை மூலத்திலேயே படிக்கணும்னுதான் இங்கிலீஷ் கத்துக்கிட்டார். கடைசியில் அதுவே பிழைப்பாகிவிட்டது. 1863-ல் தூர்னோன் என்ற சின்ன ஊரில் தொடங்கி, 30 வருஷம் பள்ளிக்கூட உத்தியோகம். பசங்க கிண்டலடிச்சாங்க. இன்ஸ்பெக்டர்களும் மோசமாத்தான் எழுதினாங்க.

ஆனா, செவ்வாய்க்கிழமை ராத்திரி பாரிஸில் அவர் வீட்டுக்குப் போயிருந்தா அசந்திருப்பீங்க. ரூ த ரோம் தெரு, நாலாவது மாடி, சின்ன அறை. கணப்படுப்பு பக்கத்துல நின்னு, புகைபிடித்தபடி கவிதை, இசை, ஓவியம்னு பேசுவார். பால் வலேரி, ஆந்த்ரே ஜீத் மாதிரி இளைஞர்கள் அமைதியா கேட்பாங்க. ஆஸ்கார் வைல்டுகூட வந்திருக்கார். அவரே பேச்சில் கில்லாடி!

அந்த மனுஷனுக்கே வார்த்தை வராத இடம் ஒன்று இருந்தது. 1879-ல் எட்டு வயது மகன் அனத்தோல் இறந்துபோனான். அவனுக்காகத் தொடங்கிய கவிதையை மல்லார்மேயால் முடிக்கவே முடியலை. துண்டு துண்டாகக் குறிப்புகள்தான் மிஞ்சின.

1893-ல் ஓய்வு. அஞ்சே வருஷத்தில் மரணம். தன் குறிப்புகளை எரிச்சிடச் சொல்லி மனைவிக்கும் மகளுக்கும் எழுதி வெச்சிருந்தார். மகனுக்கான காகிதங்கள் தப்பின. 1961-ல் அவை புத்தகமாச்சு.