முக்கொம்பில் ஒரு போர்ட் ஃபார்வர்டிங்: ஆர்தர் காட்டன்

ஒரு போர்ட்டுக்கு வர்ற டிராஃபிக்கை இன்னொரு மெஷினுக்குத் திருப்பி விடுறதுதான் போர்ட் ஃபார்வர்டிங். அதையே 1836-ல் காவிரித் தண்ணிக்குச் செஞ்ச ஒரு இன்ஜினியரோட கதை இது.

ஆர்தர் காட்டன் 1803 மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். 1819-ல் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தப்போ அவருக்கு வயசு 16. 1821-ல் இந்தியா வந்தார். பிறகு காவிரிப் பாசனப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அப்போ டெல்டா பெரிய ஆபத்துல இருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரியுது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம். காவிரித் தலைப்பிலோ மணல் ஏறிக்கிட்டே போச்சு. அதனால பெரும்பகுதித் தண்ணி கொள்ளிடம் வழியா நேரா கடலுக்குப் போயிடுச்சு. தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பிச்சது.

தண்ணியைத் திருப்ப மணலும் தழையும் போட்டுக் கொரம்பு கட்டுறது டெல்டாவின் பழைய வழக்கம். வெள்ளம் வந்தா அடிச்சிட்டுப் போயிடும், திரும்பக் கட்டணும். டெர்மினல்ல எஸ்எஸ்ஹெச் டனல் போடுறதும் இந்தக் கொரம்பு மாதிரிதான். விண்டோவை மூடினா போச்சு. அதையே சிஸ்டம்டி சர்வீஸா எழுதி, ரீஸ்டார்ட் ஆல்வேஸ் கொடுத்து, எனேபிள் பண்ணிட்டா, கனெக்‌ஷன் அறுந்தாலும் சர்வர் ரீபூட் ஆனாலும் தானா எழுந்து ஓடும்.

காட்டனும் நிரந்தரமான ஒண்ணைத்தான் யோசிச்சார். மணல் ஆற்றில் அஸ்திவாரம் போடுற வித்தையைக் கல்லணையைக் கட்டினவங்க கிட்ட இருந்து கத்துக்கிட்டதா பின்னாளில் அவரே எழுதியிருக்கார். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் இரண்டு அணைகள் முடிஞ்சது. முக்கொம்பு மேலணை தண்ணியைக் காவிரிக்குத் திருப்பியது. அணைக்கரையில் இருக்கிற கீழணை, மிச்சத் தண்ணியைப் பிடிச்சு வடவாறு வழியா வீராணம் ஏரிப் பக்கம் அனுப்பியது.

வேலை அதோட முடியல. இப்போ காவிரிக்குள் தண்ணி அளவுக்கு மீறி வந்து ஆற்றுப் படுகையை அரிச்சது. 1840-களில் மேலணையின் ஒரு பகுதி உயரத்தைக் குறைச்சு, காவிரித் தலைப்பிலும் குறுக்கே ஒரு தடுப்பு கட்டினாங்க. ஸ்டேட்டஸ் பார்த்து, கான்ஃபிக் ஃபைலைத் திருத்தி, ரீலோட் பண்ற அதே வேலை!

பிறகு காட்டன் ஆந்திராவில் கோதாவரியின் குறுக்கே தவளேஸ்வரம் அணையைக் கட்டினார் (1847–1852). 1861-ல் சர் பட்டம் கிடைச்சது. ரயிலை விடப் பாசனத்துக்கும் கால்வாய்க்கும்தான் பணம் போடணும்னு வயசான பிறகும் வாதாடினார். 1899 ஜூலை 24-ல் காலமானார்.

2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் கொள்ளிடம் மேலணையின் 9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. அப்புறம்தான் அங்கே புதிய கதவணை வந்தது. சர்வீஸ் 182 வருஷம் பின்னணியில் ஓடினாலும், லாக் பார்க்க ஒரு ஆள் வேணும். அணைக்கு ரீஸ்டார்ட் ஆல்வேஸ் கிடையாது. அந்த வேலையை ஒவ்வொரு தலைமுறை இன்ஜினியரும் கையாலதான் செய்யணும். அடுத்த வருஷம் அந்த வரிசையில் நிக்கப் போறது நாமதான்.